வைட்டமின் டி மாத்திரையால் சிறுநீரகக் கல் வருமா?

சிறுநீரகக் கல்லால் ஒருமுறை துடித்துப் போனவர்கள், முதல் வேலையாகப் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள். எலும்புத் தேய்மானத்திற்கு மருத்துவர் கொடுத்த வைட்டமின் டி மாத்திரையும் அலமாரியில் முடங்கிவிடுகிறது. கல் என்பது பெரும்பாலும் கால்சியம். அதை உடலில் சேர்ப்பது வைட்டமின் டி. ஆகவே இரண்டுமே ஆகாது என்பது இவர்கள் போடும் கணக்கு.

இந்தக் கணக்கு பாதிதான் சரி. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி தேவை. அது அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் கூடும். சிறுநீரில் கூடுதலாக வெளியேறிக் கல்லாகவும் படியலாம்.

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும் சேர்த்து உட்கொண்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு 17 விழுக்காடு அதிகமாக இருந்தது. இரண்டில் எது காரணம்? நியூசிலாந்தில் 5,110 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் வைட்டமின் டி மட்டும், மாதம் ஒருமுறை 100,000 யூனிட் வீதம் தரப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு மேலாகியும் கல் அதிகரிக்கவில்லை என 2019-இல் தெரிவித்தார்கள். சந்தேகம் இப்போது கால்சியம் மாத்திரையின் பக்கம்தான் சாய்கிறது.

அப்படியானால் பால்? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பசலைக்கீரை, வேர்க்கடலை போன்றவற்றில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. அதே வேளை உணவில் தயிரோ பாலோ இருந்தால், கால்சியம் அதைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். பாலை நிறுத்தினால் ஆக்சலேட் தடையின்றி இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிறது. உணவில் கால்சியம் அதிகம் சேர்த்துக்கொண்ட ஆண்களுக்குக் கல் குறைவாகவே வந்தது என்று 1993-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வும் கூறியது. கால்சியம் மாத்திரை அவசியமென்றால், அதையும் வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்வது நல்லது.

வெயிலுக்குக் குறைவில்லாத நம் ஊரில் வைட்டமின் டி குறைவதாவது என்று கேட்கத் தோன்றும். பகலெல்லாம் குளிர்சாதன அறை, வெளியே வந்தால் குடை. கறுத்த தோலில் அது உருவாகவும் அதிக நேரம் பிடிக்கும். எனவே குறைபாடு உள்ளவர் கல்லுக்குப் பயந்து மாத்திரையைக் கைவிட்டால், நட்டம் எலும்புக்குத்தான்.

கவனிக்க வேண்டியது அளவு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4,000 யூனிட் உச்சவரம்பு. மருத்துவர் சொன்னாலொழிய அதைத் தாண்டக்கூடாது. மருந்துக் கடையில் வாங்கும் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, மீன் ஈரல் எண்ணெய் மூன்றிலும் வைட்டமின் டி இருக்கக்கூடும். புட்டியைத் திருப்பிப் படித்து, மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே கல் வந்தவர்கள் தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவு தண்ணீர் குடிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்துமுன், இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு, 24 மணி நேரச் சிறுநீரில் எவ்வளவு என்று சோதிக்கும்படி மருத்துவரைக் கேட்கலாம்.