'கிணத்தைக் காணோம்' காமெடி இவர் படமா? டைரக்டராக வந்து 'ஆதி குணசேகரன்' ஆன மாரிமுத்துவின் கதை

கிணற்றைக் காணவில்லை என்று வடிவேலு போலீஸில் புகார் கொடுப்பாரே, அந்த காமெடியைப் பார்க்காத ஆளே இருக்க முடியாது. அது எந்தப் படம் என்று கேட்டால்தான் பலரும் யோசிப்பார்கள். 2008-ல் வந்த 'கண்ணும் கண்ணும்'. அதை இயக்கியது யார்? 'எதிர்நீச்சல்' சீரியலில் 'இந்தாம்மா ஏய்' என்று வீட்டையே நடுங்க வைத்த ஆதி குணசேகரன்... அதாவது, மறைந்த நடிகர் ஜி.மாரிமுத்துதான்!

தேனி மாவட்டத்துக்காரர். டைரக்டராக வேண்டும் என்று 1990-ல் வீட்டை விட்டு சென்னைக்கு ஓடி வந்தவர். சினிமா அவரை வா என்று அழைக்கவில்லை. ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துத்தான் வயிற்றைக் கழுவினார். இலக்கிய ஆர்வத்தால் கவிஞர் வைரமுத்துவின் பழக்கம் கிடைத்தது. அடுத்து ராஜ்கிரணிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்து 'அரண்மனைக் கிளி' (1993), 'எல்லாமே என் ராசாதான்' (1995) படங்களில் வேலை செய்தார். பிறகு மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே.சூர்யா என்று பல பேரிடம். சிம்புவின் 'மன்மதன்' படத்திலும் அவர் உழைப்பு உண்டு.

இப்படியே 18 வருஷம் போனது. சென்னைக்கு வந்தபோது பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதுக்கு வந்த பிறகுதான் அவர் பெயர் 'இயக்கம்' என்று திரையில் வந்தது. பிரசன்னா நடித்த அந்த 'கண்ணும் கண்ணும்' படம் மென்மையான ஒரு முயற்சி. ஆனால் படத்தை மறந்துவிட்டு கிணற்றை மட்டும் ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது. அடுத்த படத்துக்கு இன்னும் 6 வருஷம். மலையாள 'சாப்பா குரிசு' படத்தின் ரீமேக்கான 'புலிவால்' 2014-ல் வந்தது. அதோடு சரி, மூன்றாவது படம் இயக்கவே இல்லை.

வில்லன் வந்த வழி

இடையில் மிஷ்கின் அவரை 'யுத்தம் செய்' (2011) படத்தில் போலீஸ் அதிகாரியாக நடிக்க வைத்தார். அதன் பிறகு நடிப்பு வாய்ப்புகள் வரிசை கட்டின. 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் கதாநாயகியின் அப்பாவாக வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? கல்யாண மண்டபத்தில் பரியனை அடித்துப் போட்டிருக்கும் அறையில், அவனிடமே கண்ணீரோடு கெஞ்சுவார். சாதிக்குப் பயந்த ஒரு நல்ல மனுஷனின் கையாலாகாத்தனம் முழுக்க அந்த முகத்தில் தெரியும். மாரிமுத்துவின் நடிப்பில் இதுதான் உச்சம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது சின்னத்திரைதான். திருச்செல்வம் இயக்கத்தில் சன் டிவியில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்', படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் அடைத்து வைக்கும் ஒரு குடும்பத்தின் கதை. அந்த வீட்டின் மூத்த அண்ணன்தான் குணசேகரன். திட்டித் தீர்க்க வேண்டிய ஆள். ஆனால் சொத்தில் 40 சதவீதப் பங்கு அப்பத்தா கையில் என்று தெரிந்து அவர் படும் பாட்டைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். நம்ம பெரியப்பா, சித்தப்பா யாராவது ஒருத்தர் அதில் தெரிந்ததும் ஒரு காரணம். மீம் போடும் பசங்களுக்கோ தினமும் தீபாவளி!

நிஜத்தில் ஆள் நேர் எதிர். மேடைகளில் பகுத்தறிவு பேசுபவர். 2023-ல் ஜீ தமிழின் 'தமிழா தமிழா' நிகழ்ச்சியில் ஜோதிடர்களோடு அவர் மல்லுக்கட்டிய வீடியோ பெரிய வைரல்.

ரஜினியின் 'ஜெயிலர்' வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2023 செப்டம்பர் 8, காலை நேரம். சென்னையில் 'எதிர்நீச்சல்' காட்சிகளுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே மாரிமுத்துவுக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போயும் பிழைக்கவில்லை. வயது 56. ஜோதிடத்தைக் கிண்டல் செய்ததால்தான் இப்படி ஆனது என்று அன்றைக்கே சிலர் கமென்ட் போட்டார்கள். மாரடைப்புக்குக்கூட கிரகத்தைத் தேடும் ஆட்களிடம்தான் அவர் கடைசி வரை வாதாடிக்கொண்டிருந்தார்.

பிறகு வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். சீரியல் 2024 ஜூனில் முடிந்தது. அடுத்த மாதம் ரிலீஸான 'இந்தியன் 2' படத்திலும் மாரிமுத்து திரையில் வந்து போனார்.