சோப்புக்கு அஞ்சாத வைரஸ்

மயிலாப்பூர் மாடவீதிக்கு அருகே ஒரு வீடு. அங்கே மூன்று மாத நாய்க்குட்டி ஒன்று வளர்கிறது. ஒரு நாள் அது சாப்பிட மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது. மறுநாள் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. மருத்துவரிடம் கொண்டு போயும் பலனின்றி இறந்துவிடுகிறது. குட்டி படுத்திருந்த பழைய போர்வையைப் பாட்டி சோப்புப் போட்டுத் துவைத்து, உலர்த்தி, மடித்து வைக்கிறார். இரண்டு மாதம் கழித்து அடையாற்றிலுள்ள உறவினர் வீட்டிலிருந்து வேறொரு குட்டி வருகிறது. அதே போர்வை அதற்கு விரிக்கப்படுகிறது. ஒரே வாரத்தில் அதற்கும் அதே நோய்!

இது கற்பனைக் கதைதான். ஆனால் நாய் வளர்க்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கதை. பாட்டி செய்ததில் என்ன தவறு? போர்வை பார்வைக்குத் தும்பைப்பூப் போலத்தானே இருந்தது? விடை தெரிய வேண்டுமானால், இந்த நோயை உண்டாக்கும் வைரசைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறியது, ஆனால் முரடு

இதன் பெயர் நாய்ப் பார்வோ வைரஸ். 'பார்வோ' என்பது 'சிறிய' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெயருக்கு ஏற்ப, இதன் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். அதாவது, 40,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்!

1978-ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் இதை அடையாளம் கண்டார்கள். பூனைகளைத் தாக்கும் ஒரு வைரசுக்கு இது நெருங்கிய உறவு. இரண்டே ஆண்டுகளில் உலகின் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. இந்தியாவில் இந்நோயைப் பற்றி வெளியான முதல் அறிக்கைகளில் ஒன்று, 1981-இல் நமது சென்னையிலிருந்து வந்ததே.

இந்த வைரஸ் குட்டியின் குடலில் வேகமாகப் பெருகும் செல்களையும், எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. நோயுற்ற நாயின் ஒரு கிராம் மலத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட வைரஸ்கள் இருக்கக்கூடும். அவை போர்வையிலும், சாக்கிலும், நம் செருப்பிலும், கால்சட்டையின் ஓரத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. நிழலான இடத்தில் மாதக்கணக்கில் அழியாமல் காத்திருக்கின்றன. ஆகவே, நோயுள்ள நாயை நேரில் பார்க்காத குட்டிக்கும் நம் துணி வழியாகவே நோய் வந்து சேரலாம். மனிதர்களுக்கு இந்த வைரசால் நோய் வருவதில்லை. ஆனால் நாம் அதைச் சுமந்து செல்லும் வாகனமாகிவிடுகிறோம்!

சட்டை போட்டவரும் போடாதவரும்

2020-இல் கொரோனா பரவியபோது சோப்புப் போட்டுக் கை கழுவும்படி நம் எல்லோருக்கும் சொன்னார்கள் அல்லவா? அதற்குக் காரணம் உண்டு. கொரோனா வைரசைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மெல்லிய உறை இருக்கிறது. சட்டை போட்டுக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்களேன். எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் சோப்பு என்ன செய்கிறதோ, அதையே இந்தக் கொழுப்புச் சட்டையிலும் செய்கிறது. சட்டை கரைகிறது, வைரஸ் செயலிழக்கிறது.

பார்வோ வைரசுக்கோ சட்டையே கிடையாது. அதன் மரபுப் பொருளான டி.என்.ஏ. இழையைச் சுற்றி, 60 புரதத் துண்டுகள் நெருக்கமாகப் பொருந்திய ஓர் ஓடு மட்டுமே உண்டு. கொழுப்பு இல்லாத இடத்தில் சோப்புக்கு என்ன வேலை? கைகளில் தடவும் சாராயத் திரவத்தையும், தரை துடைக்கும் ஃபீனைலையும் கூட இந்த வைரசுக்கு எதிராக நம்ப முடியாது.

அப்படியானால் சோப்பு வீணா? இல்லை. அது வைரசைக் கொல்லாது. ஆனால் அழுக்கோடு சேர்த்து அகற்றும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துணியில் நூறு கோடி வைரஸ்கள் இருப்பதாகக் கொள்வோம். நன்றாகத் துவைத்ததில் ஆயிரத்துக்கு 999 வீதம் நீங்கிவிட்டன என்றும் கொள்வோம். மிச்சம் எத்தனை? பத்து லட்சம்! பாட்டியின் போர்வையில் இருந்தது இந்த மிச்சம்தான். துவைப்பது முதல் படி. எஞ்சியவற்றை அழிப்பது இரண்டாம் படி. பாட்டி முதல் படியோடு நின்றுவிட்டார்.

வெள்ளாவியின் பாடம்

இரண்டாம் படிக்கு ஒரு வழி வெப்பம். வெந்நீர் போதுமா? போதாது. 60 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் வைத்தாலும் இந்த வைரஸ் தாக்குப்பிடிக்கும். துணி துவைக்கும் இயந்திரத்தின் 'சூடான நீர்' பொதுவாக இந்த அளவுதான். ஆகவே தண்ணீர் கொதிக்க வேண்டும். 100 டிகிரி வெப்பத்தில் புரத ஓடு குலைந்துவிடும்.

இதைப் படிக்கும்போது சென்னைவாசிகளுக்கு வெள்ளாவி நினைவுக்கு வரலாம். பெசன்ட் நகரை ஒட்டி வண்ணாந்துறை என்றே ஒரு பகுதி இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் கரையிலும் சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்தார்கள். உவர்மண் அல்லது சலவைச் சோடா கலந்த நீரில் துணிகளை நனைத்து, கொதிக்கும் பானையின் மேல் அடுக்கி, மூடி, பல மணி நேரம் ஆவியில் வேக வைப்பார்கள். பிறகு ஆற்றில் அலசி, வெயிலில் விரிப்பார்கள். அழுக்கு நீக்கம், கொதிநிலை வெப்பம், அலசல், வெயில் என்னும் நான்கும் அந்தத் தொழிலில் ஒழுங்காக அமைந்திருந்தன. தலைமுறைகளாகக் கைகண்ட முறை அது!

வீட்டில் வெள்ளாவி வைக்க முடியாது. பருத்தித் துணியைத் துவைத்த பின், பெரிய பாத்திரத்தில் நீரில் முழுவதும் மூழ்கும்படி வைத்து, நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம் கொதிக்க விட்டால் போதும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

குளோரினின் இரண்டு முகங்கள்

மற்றொரு வழி வெளுப்புத் திரவம். இதிலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட், வைரசின் புரத ஓட்டையும் மரபுப் பொருளையும் ஆக்சிகரணம் செய்து சிதைக்கிறது. புதிதாக வாங்கிய 5 சதவீதத் திரவத்தில் 100 மில்லிலிட்டரை 3 லிட்டர் தண்ணீரில் கலந்தால், சுமார் 0.16 சதவீதக் கரைசல் கிடைக்கும். துவைத்து அலசிய துணியை அதில் 10 நிமிடம் ஊற வைக்க வேண்டும்.

துவைக்காமலே ஊற வைத்தால் என்ன? அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். குளோரினுக்கு வைரஸ் வேறு, மலம் வேறு என்று தெரியாது. அழுக்கோடு போராடியே தன் வலிமையைச் செலவழித்துவிடும்; வைரஸ் தப்பிவிடும். நாட்பட்ட திரவமும் உதவாது. சென்னை வெயிலில் அது இன்னும் விரைவாக வீரியம் இழக்கும்.

சரி, பாட்டியின் காஞ்சிபுரம் பட்டுப்புடவையில் நாய் அசுத்தம் செய்துவிட்டால்? வெளுப்புத் திரவத்தில் போடவே கூடாது! பட்டும் கம்பளியும் புரதத்தால் ஆனவை. வைரசின் ஓட்டைச் சிதைக்கும் அதே குளோரின் பட்டிழையையும் அரித்துவிடும். பருத்தி செல்லுலோஸ் என்னும் வேறு பொருளால் ஆனது. ஆகவே ஓரளவு தாங்கும். ஆனால் சாயத் துணி வெளுத்துப் போகலாம். பட்டுப்புடவையைப் பல முறை மென்மையாக அலசி, உலர்த்தி, தடுப்பூசி முடியாத குட்டியின் பக்கம் போகாமல் தனியே வைப்பதே அறிவுடைமை.

செய்ய வேண்டியவை

நோயுற்ற நாயின் துணியை உதறாதீர்கள். கையுறை அணிந்து கழிவை வழித்து அகற்றுங்கள். மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில் சோப்புப் போட்டுத் துவைத்து அலசுங்கள். பிறகு கொதிக்க வைத்தல், வெளுப்புத் திரவம் ஆகிய இரண்டில் துணிக்கு ஏற்றதைச் செய்யுங்கள். மீண்டும் அலசி, மொட்டை மாடி வெயிலில் விரித்துக் காய வையுங்கள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் துணைபுரியும். ஆனால் மடிப்புகளுக்குள் அவை நுழையா என்பதால் வெயிலை மட்டும் நம்பாதீர்கள். வாளியையும் செருப்பையும் மறக்க வேண்டாம்.

பஞ்சுத் தலையணை, சாக்கு போன்றவற்றின் உட்புறத்தைச் சுத்தம் செய்வது கடினம். இரண்டு உறைகளில் கட்டி அப்புறப்படுத்துவதே மேல்.

ஓர் எச்சரிக்கை: வெளுப்புத் திரவத்தோடு கழிவறை கழுவும் அமிலத்தையோ, அம்மோனியா உள்ள எதையுமோ கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். நாயின் சிறுநீரிலிருந்தும் அம்மோனியா உண்டாகும் என்பதால், துணியை முதலில் அலசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் முதல் தடுப்பூசி போட வேண்டும். பிறகு 16 வாரம் ஆகும்வரை, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை தொடர வேண்டும். ஒரு முறை இந்நோய் வந்த வீட்டுக்குப் புதுக் குட்டியைக் கொண்டுவருவதானால், தடுப்பூசிகள் முடிந்த குட்டியாகவே இருக்கட்டும்.

தும்பைப்பூப் போன்ற வெண்மை, கண்ணுக்குத் தெரியும் சுத்தம். கண்ணுக்குத் தெரியாத சுத்தத்துக்குக் கொதிநீரோ குளோரினோ வேண்டும். அடுத்த முறை ஒரு நாய்க்குட்டிக்குப் பழைய போர்வையை விரிக்கும் முன், அதில் முன்பு யார் படுத்திருந்தது என்று கேட்பீர்கள் அல்லவா?