எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம்: சக்கர நாற்காலிப் பயணத்தில் அடிபட்டால்

சமண முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளில் நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி. ஒரு பொருளை எடுத்தாலும் வைத்தாலும் எவ்வுயிர்க்கும் ஊறு நேராதபடி பார்த்துச் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. சிறு வயதில் படித்த இவ்விதி மனிதரைத் தூக்குவதற்கும் பொருந்தும் என்பது, மும்பையில் ஒரு வாடகை வேனுக்குள்தான் எனக்கு விளங்கியது.

என் மைத்துனருக்கு முதுகுத் தண்டில் அடிபட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. பிசியோதெரபிக்கு வேனில் அழைத்துப் போவது வழக்கம். ஒருநாள் வேகத்தடையில் வண்டி குதிக்க, நாற்காலியோடு சாய்ந்து விழுந்தார். ஓட்டுநரும் நானும் பதறிப்போய், அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்துவிட்டோம். "ஒண்ணும் ஆகலை மாமா, வலியே இல்லை" என்றார். நானும் நம்பி வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள் தொடை வீங்கிச் சுட்டது. எக்ஸ்ரே எடுத்தால் தொடை எலும்பு முறிவு!

உணர்ச்சியில்லாத காலில் வலி எப்படித் தெரியும்? பாரம் தாங்காத கால் எலும்பு நாளடைவில் சுண்ணாம்புச் சத்தை இழந்து மெலிகிறது. சிறு முறுக்கிலேயே ஒடியும். ஆகவே 'வலி இல்லை' என்றால் 'அடி இல்லை' என்று பொருளல்ல. வீக்கம், சிவப்பு, சூடு, கால் வழக்கத்துக்கு மாறாகத் திரும்பியிருத்தல், தசை இழுப்பு கூடுதல் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

விழுந்தவரை உடனே தூக்காதீர்கள். வண்டியை ஓரங்கட்டி, கிடந்த நிலையிலேயே அவரிடம் பேசுங்கள். தலையில் அடி, மயக்கம், கழுத்து அல்லது முதுகு வலி, மூச்சுத் திணறல், இருந்த உணர்ச்சியும் குறைதல், கால் கோணியிருத்தல் - இவற்றில் ஒன்றிருந்தாலும் அசைக்காமல் 112 அல்லது 108-ஐ அழையுங்கள். அந்த நிமிடம் முதல் அது சாதாரணப் பயணம் அல்ல. ஒன்றுமே இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தண்டுவடத்தில் மார்பு மட்டத்திலோ கழுத்திலோ பாதிப்புள்ளவர்க்கு இன்னோர் ஆபத்து உண்டு. உணராத காலில் பட்ட அடியாலோ, சிறுநீர்க் குழாய் மடங்கினாலோ இரத்த அழுத்தம் திடீரென ஏறும். மண்டை வெடிப்பது போன்ற தலைவலி, முகம் சிவத்தல், வியர்த்தல் அதன் அடையாளங்கள். கழுத்திலும் முதுகிலும் புது அடி இல்லையென்றால் நிமிர்த்தி உட்கார வைத்து, உடையைத் தளர்த்தி, குழாயைச் சரிபாருங்கள். இதற்கும் ஆம்புலன்ஸ் வேண்டும்.

எலும்பு முறிந்தவரை மீண்டும் நாற்காலியில் ஏற்ற வேண்டாம். காலைத் தொங்கவிடாமல், முறிவுக்கு மேலும் கீழும் தாங்கல் கொடுத்து, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். மாவுக்கட்டு போட்ட பின்பும் விரல் நிறத்தையும் கட்டின் ஓரத்துத் தோலையும் தினமும் பாருங்கள். கட்டு அழுத்திப் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது.

எங்கள் வேனில் நடந்த தவறு என்ன? நாற்காலியை பிரேக் மட்டுமே பிடித்திருந்தது. அது போதாது. நாற்காலி முன்னோக்கியிருக்க, அதன் சட்டத்தை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகளால் தரையோடு கட்ட வேண்டும். ஆளுக்குத் தனி பெல்ட். அது வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். நாற்காலியைத் தூக்கும்போது கைப்பிடியையோ கால்பலகையையோ பிடிக்காதீர்கள். கழன்று கையோடு வந்துவிடும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மொழியும் ஒரு தடை. எந்த மட்டத்துக்குக் கீழே உணர்ச்சியில்லை, என்னென்ன மருந்து, எப்படித் தூக்க வேண்டும் என்பதை இந்தியிலும் அந்த ஊர் மொழியிலும் ஒரு அட்டையில் எழுதி நாற்காலியிலேயே மாட்டி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொடுவதற்கு முன் அவரையே கேளுங்கள். அவர் உடம்பை அவர்தான் நன்கு அறிவார். அன்று, "எப்படிப்பா தூக்கணும்?" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.