முத்தியாலமடுவு: அருவிக்கு ஐப்பசி, தளிருக்கு மாசி

வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளில் பாடுபடும் தமிழர்களுக்கும், நகரத்து அலுவலகங்களில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்பது கிடைத்தற்கரிய பொருள். துணி துவைப்பது, சாமான் வாங்குவது, ஊருக்குப் போன் பேசுவது என்று பாதி நாள் கரைந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு ஞாயிறை மிச்சம் பிடித்து, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் காசு கொடுத்து, மனைவி மக்களுடன் அருவி பார்க்கப் போனால், அங்கே வெறும் பாறை மட்டும் நின்றால் எப்படி இருக்கும்?

ஆனேக்கல் அருகேயுள்ள முத்தியாலமடுவுக்கு மாதம் பார்க்காமல் கிளம்புகிறவர்களுக்கு இந்த ஏமாற்றம் நேரக்கூடும். குற்றம் அருவியின் மீது இல்லை. போகிற காலம்தான் தவறு.

முத்து விழும் மடு

ஆனேக்கல் ஊரிலிருந்து சுமார் 5 கி.மீ., பெங்களூரு நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கிறது முத்தியாலமடுவு. தெலுங்கில் முத்தியாலு என்றால் முத்துகள். கன்னடத்தில் மடுவு என்றால் ஆழமான நீர்நிலை. நம் தமிழில் மடு என்று சொல்கிறோமே, அதே சொல்தான். பாறையிலிருந்து சிதறி விழும் நீர்த்துளிகள் முத்துகளைப் போல் இருப்பதால் இந்தப் பெயர்.

குற்றாலத்துப் பேரருவியைப் போல் கொட்டி முழக்கும் அருவி அல்ல இது. மழைத் தண்ணீரை நம்பியிருக்கும் மெல்லிய அருவி. சாலையிலிருந்து படிகளில் பள்ளத்தாக்குக்குள் இறங்கிச் செல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு சிறிய சிவன் கோயிலும் உண்டு. மலை ஏறும்போது முதலில் களைப்பு, பிறகு இறக்கம். இங்கே அது தலைகீழ். இறங்கும்போது சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் மூச்சு வாங்கும். குடிதண்ணீரையும் உடம்புத் தெம்பையும் ஏற்றத்துக்கென்று மிச்சம் வைத்துக்கொள்வது நல்லது.

ஆடியில் போகலாமா?

ஆனி, ஆடி என்றால் குற்றாலச் சீசன் என்பது நம்மவர்கள் மனதில் பதிந்த கணக்கு. அதே கணக்கை ஆனேக்கல்லில் போட்டால் சரிவராது. சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ள இந்தப் பீடபூமிக்கு வருவதற்குள், தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிடுகிறது. ஜூன், ஜூலையில் இங்கே மேகமும் தூறலும் இருக்கும். ஓடையில் பெரிய வரத்து இருக்காது. பெங்களூருப் பக்கம் நல்ல மழை பெய்வது செப்டம்பர், அக்டோபரில்தான். ஆகவே புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை, அதிலும் ஐப்பசியில், அருவியைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். தை பிறந்துவிட்டால் தண்ணீர் மெலிந்துவிடும். மாசியில் பாறைதான் மிச்சம்.

இலையுதிர் காலம் எங்கே?

காலண்டர்களில் ஒரு படம் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளுமாய் மரங்கள்; நடுவே வெள்ளை அருவி. குளிர் நாடுகளில் அது ஒரே நாளில் கிடைக்கும் காட்சி. பகல் குறைந்து குளிர் தொடங்கியதும் இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாக உண்டாகிறது. காஷ்மீரத்துச் சினார் மரங்கள் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் இப்படித்தான் சிவக்கின்றன.

நம் பக்கத்துக் கதை வேறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நம் முன்னோர்கள் வகுத்த ஆறு பருவங்களில், இலையுதிர்வின் பெயரால் ஒரு பருவம் இல்லை. ஆனேக்கல், பன்னேர்கட்டா, தளி வட்டாரத்துக் காடுகளில் மரங்கள் இலையை உதிர்ப்பது குளிருக்காக அல்ல, தண்ணீரைச் சேமிக்க. மழை நின்று மண் காய்ந்த பிறகு, தை, மாசியில் இலை கொட்டுகிறது. அதன்பின் அடுத்த மழை வருவதற்கு முன்பே புதுத் தளிர் துளிர்க்கிறது. நம் நாட்டில் நிறம் காட்டுவது பெரும்பாலும் முதிர்ந்த இலை அல்ல, இளந்தளிர்தான். மாந்தளிர் நிறம் என்று பெண்ணின் மேனியை வருணிப்பது தமிழ் மரபு. அந்தச் செம்மையை மாவில் மட்டுமல்ல, அரசிலும் வேம்பிலும் காணலாம். இலையே இல்லாத கிளைகளில் புரச மரம் ஆரஞ்சு நெருப்பாய்ப் பூப்பதும் இந்தக் காலத்தில்தான்.

முதிர்ந்த இலை சிவப்பதைப் பார்க்க ஆசையா? அதற்குக் காடு வேண்டாம். தெருவோரத்து வாதாம் மரத்தைப் பாருங்கள். உதிர்வதற்கு முன் அதன் இலைகள் இரத்தச் சிவப்பாகும்.

ஆக, அருவிக்கு ஐப்பசி, நிறத்துக்கு மாசி. இரண்டையும் ஒரே நாளில் எதிர்பார்த்தால் இரண்டும் கிடைக்காது. வருஷத்தில் இரண்டு ஞாயிறு ஒதுக்கினால் இரண்டும் கிடைக்கும்.

போட்டோ எடுக்க

இந்த இரண்டு படங்களுக்கும் வெளிச்சமும் நேர்மாறாக வேண்டும்.

அருவிக்கு மேகமூட்டம் நல்லது. உச்சி வெயிலில் வெள்ளைத் தண்ணீர் சுண்ணாம்பு அடித்த சுவராகத் தெரியும். பக்கத்துப் பாறை கரியாகிவிடும். காலையில், பள்ளத்தாக்கில் வெயில் இறங்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் பட்டு நூலாக வழிவதுபோல் படம் வேண்டுமானால், ஷட்டர் கால் வினாடியிலிருந்து ஒரு வினாடி வரை திறந்திருக்க வேண்டும். முத்து முத்தாகத் துளிகள் நிற்க வேண்டுமானால் 500-ல் ஒரு பங்கு வினாடி. பெயருக்குப் பொருத்தம் இரண்டாவதுதான்!

செல்போன் மட்டும் இருந்தாலும் கவலை வேண்டாம். போனைக் கல்லின்மேல் சாய்த்து நிறுத்தி, டைமரை 3 வினாடிக்கு வைத்தால் கை நடுக்கம் படத்தில் விழாது. திரையில் வெள்ளைத் தண்ணீரைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். சாரல் பட்ட லென்சைப் பருத்தித் துணியால் அடிக்கடி துடையுங்கள். தூரத்துப் பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் அருவியின் உயரம் ஊரில் படம் பார்ப்பவர்களுக்குப் புரியும்.

தளிருக்கு வெயில் வேண்டும். அதுவும் எதிர்வெயில். காலை எட்டு மணி வெயில் தளிரின் பின்னால் இருக்க, நாம் முன்னால் நின்று எடுத்தால் இலை விளக்கேற்றியதுபோல் ஒளிரும். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எடுத்தால் அதே தளிர் மங்கித் தெரியும்.

நீலகிரியில் இருந்த அரசாங்க இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' பிலிம் சுருளைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றில் 12 படம் எடுத்த காலத்தில், தளிரின் சிவப்பைப் படத்தில் காட்ட வழியில்லை. இன்று சாதாரணப் போன் அதைக் காட்டுகிறது.

உயிர் முக்கியம்

ஐப்பசியில் தண்ணீர் அழகு, பாறை ஆபத்து. பாசி படிந்த கல்லில் ரப்பர் செருப்பு நிற்காது. செல்பி எடுக்கப் பின்னோக்கி அடி வைப்பதும், விளிம்பில் ஏறுவதும் வேண்டவே வேண்டாம். மேலே மழை பெய்தால் ஓடை திடீரென்று பெருகும். தண்ணீர் கலங்கி வந்தாலே கரையேறிவிட வேண்டும்.

இது பன்னேர்கட்டா தேசியப் பூங்காவை ஒட்டிய பகுதி. கேழ்வரகு விளையும் காலத்தில் யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி காடுகளுக்கும் பன்னேர்கட்டாவுக்கும் இடையே நடமாடும். அருவிக்கு நல்ல காலமும் அதுவே. ஆகவே நான்கு மணிக்கெல்லாம் படியேறிவிடுங்கள். சோற்றுப் பொட்டலத்தைக் குரங்கு கண்ணில் படாமல் பையில் வையுங்கள்.

மாசியில் பயம் நெருப்பு. காய்ந்த சருகில் ஒரு பீடித் துண்டு போதும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் காட்டில் பரவிய தீ ஆயிரக்கணக்கான ஏக்கரை அழித்தது. நுழையக் கூடாது என்று வனத்துறை பலகை வைத்திருந்தால் மறு பேச்சில்லாமல் திரும்புவதே முறை.

போகும் வழி

பெங்களூரு மார்க்கெட் பகுதியிலிருந்து ஆனேக்கல்லுக்கு மாநகரப் பஸ்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழி மெட்ரோவில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை வந்து, சந்தாபுரா வழியாகவும் பஸ் பிடிக்கலாம். ஓசூர்காரர்கள் அத்திப்பள்ளி வழியாக வரலாம். ஆனேக்கல்லிலிருந்து ஆட்டோ பேசும்போது, திரும்பி அழைத்துப் போகவும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஆனேக்கல் பக்கம் நல்ல மழை பெய்ததா என்று அங்கே வேலை பார்க்கும் நண்பர் ஒருவரைக் கேளுங்கள். பெய்தது என்றால் அருவிக்குப் புறப்படுங்கள். இல்லையென்றால் அந்த ஞாயிறை மாசிக்கு எடுத்து வையுங்கள், தளிர் காத்திருக்கும்.