தெரியுமா? கப்கேக் கெட்ட வார்த்தையான கதை!

குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கிற கப்கேக்கை வைத்து, ஒரு அரங்கமே சேர்ந்து ஒரு மனிதனைத் திட்டியது, தெரியுமா? 2017 பிப்ரவரி 11, அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் ஒரு கூடைப்பந்து ஆட்டம். அட்டையில் கப்கேக், சட்டையில் கப்கேக், சிலர் கப்கேக் வேடமே கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பந்து அந்த ஆளின் கைக்குப் போகும்போதெல்லாம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்கு ஊளைச் சத்தம்!

அந்த ஆள் கெவின் டியூரன்ட். எட்டு சீசன் அதே ஊரின் செல்லப்பிள்ளை. 2013-இல் பக்கத்து மூர் நகரைச் சூறாவளி துடைத்துப் போட்டபோது நிவாரணத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தவர். மறு வருடம் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் மிகச் சிறந்த வீரர் விருதான எம்விபி-யைக் கையில் வைத்துக்கொண்டு, இது எனக்கல்ல, என் அம்மாவுக்குத்தான் என்று தேம்பியவர். அன்றைக்கு ஊரே சேர்ந்து அழுதது. அவர் பெயரில் அங்கே ஒரு உணவகம்கூட இருந்தது. அவர் போன கையோடு அதன் பெயரையும் மாற்றிவிட்டார்கள்!

அப்படி என்னதான் செய்தார்? அணி மாறினார். அவ்வளவுதானே என்கிறீர்களா? எந்த அணிக்கு, எப்போது என்று கேளுங்கள்.

2016 மே மாதம். மேற்குப் பிரிவின் இறுதிச்சுற்று. எதிரே கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அந்த சீசனின் 82 ஆட்டங்களில் 73-ஐ வென்று, இருபது வருடமாக அசையாமல் நின்ற சிகாகோ புல்ஸின் 72 வெற்றிச் சாதனையை உடைத்த அணி! அப்படிப்பட்ட அணியை டியூரன்ட்டின் ஓக்லஹோமா சிட்டி தண்டர் 3-1 என்று மூச்சுத் திணற வைத்துவிட்டது. ஏழு ஆட்டத் தொடரில் இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும்.

ஆறாவது ஆட்டம், மே 28, சொந்த மண். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது தண்டர் எட்டுப் புள்ளி முன்னிலை. அப்போது வாரியர்ஸின் கிளே தாம்சனுக்கு என்ன வந்ததோ! கை நீட்டித் தடுக்கிற ஆள் முகத்துக்கு நேரே நிற்கிறான், இவர் கோட்டுக்கு வெளியே வெகுதூரத்திலிருந்து எறிகிறார், உள்ளே. இன்னொன்று, அதுவும் உள்ளே. அன்றைக்கு மட்டும் 11 மூன்று புள்ளி வீச்சுகள், மொத்தம் 41 புள்ளி. கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் அதுவரை யாரும் அத்தனை மூன்று புள்ளி வீச்சுகள் போட்டதில்லை. அதே இரவில் டியூரன்ட் 31 முறை எறிந்து 10-தான் வளையத்துக்குள் போனது. ஏழாவது ஆட்டமும் போயிற்று. மே 30 அன்று தண்டர் வீட்டுக்குக் கிளம்பியது.

ஜூலை 4. முப்பத்தைந்தே நாள். டியூரன்ட் அறிவித்தார்: நான் வாரியர்ஸுக்குப் போகிறேன்!

நேற்று நம் கழுத்தை நெரித்தவன் வீட்டில் இன்று சம்பந்தமா? ஊர் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை.

இதில் இன்னொரு கூத்து தெரியுமா? தண்டரை 3-1-லிருந்து சாய்த்த வாரியர்ஸ், அடுத்த இறுதிப்போட்டியில் அதே 3-1 முன்னிலையை லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்திடம் கோட்டைவிட்டது! தோற்ற அன்றிரவே வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன், வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தபடியே டியூரன்ட்டுக்குப் போன் போட்டுவிட்டார். காயம் ஆறும்வரைகூடப் பொறுக்கவில்லை மனுஷன்.

பிறகு நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன்ஸ் கடற்கரையில் டியூரன்ட் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்க, அணிகள் ஒவ்வொன்றாகப் பெண் கேட்டு வருவதுபோல் வந்தன. பாஸ்டன் செல்டிக்ஸ் தன் பக்கம் பலம் சேர்க்க யாரை அழைத்து வந்தது தெரியுமா? அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் ஸ்டார் டாம் பிரேடியை! ஆனால் வாரியர்ஸ் நான்கு முன்னணி ஆட்டக்காரர்களையே கூட்டிவந்தது. போதாதற்குப் போனில் ஜெர்ரி வெஸ்ட். என்பிஏ சின்னத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற அந்த வெள்ளை உருவம் இருக்கிறதே, அவர்தான். ஒன்பது முறை இறுதிப்போட்டிக்குப் போய் எட்டு முறை தோற்றவர். கோப்பை இல்லாத வலி எப்படியிருக்கும் என்று அவரைவிட யார் சொல்ல முடியும்?

சரி, ஏற்கெனவே மூன்று நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு நான்காவது ஆளுக்கு எப்படிச் சம்பளம் கொடுத்தார்கள்? இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. என்பிஏ-வில் ஒவ்வொரு அணியின் சம்பளச் செலவுக்கும் உச்சவரம்பு உண்டு. 9 வருடத்துக்கு 2,400 கோடி டாலர் என்று ஒரு தொலைக்காட்சி ஒப்பந்தம் கைக்கு வர, அந்த வரம்பு ஒரே வருடத்தில் 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. அத்தனை பெரிய தாவல் அதற்கு முன் நடந்ததே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று லீக் சொன்னது. ஆட்டக்காரர் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை.

அதோடு ஒரு கணுக்காலும் சேர்ந்துகொண்டது! வாரியர்ஸின் ஸ்டெஃப் கரி 2012-இல் ஒப்பந்தம் போட்டபோது அவருடைய கணுக்கால் அடிக்கடி பிசகிக்கொண்டிருந்தது. அதனால் 4 வருடத்துக்கு 4.4 கோடி டாலர் என்று சல்லிசாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். 2016-இல் அதே கரி, ஒரு வாக்குகூடச் சிதறாமல் எம்விபி ஆன முதல் ஆள். சம்பளத்திலோ சொந்த அணியிலேயே ஐந்தாம் இடம்! அந்த மிச்சத்தில்தான் டியூரன்ட்டுக்கு இடம் கிடைத்தது.

கப்கேக்குக்கு வருவோம். டியூரன்ட்டும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கும் தண்டரின் இரட்டை மாடுகள். அவர்களோடு ஆடிய கென்ட்ரிக் பெர்கின்ஸ், யாராவது மென்மையாக ஆடினால் ‘கப்கேக்’ என்று கிண்டல் பண்ணுவார். உடை மாற்றும் அறைக்குள் புழங்கிய வார்த்தை. டியூரன்ட் அறிவித்த ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம் அல்லவா? வெஸ்ட்புரூக் சும்மா வாழ்த்துச் சொல்வதுபோல ஒரு தட்டு கப்கேக் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். திட்டவில்லை, முனகவில்லை. புரிய வேண்டியவருக்குப் புரிந்தது. பிறகு ஊருக்கே புரிந்தது!

அந்த பிப்ரவரி இரவில் வெஸ்ட்புரூக் 47 புள்ளி எடுத்தும் வாரியர்ஸ் 130-114 என்று ஜெயித்தது. டியூரன்ட்டுக்கு 34. ஆட்டம் முடிந்து கரியும் கிரீனும் கப்கேக் சட்டையைத் தாங்களே மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள்!

இப்போது ஒரு கேள்வி. துரோகி துரோகி என்று தொண்டை கிழியக் கத்திய அந்த ஊருக்கு, அணி எப்படி வந்தது தெரியுமா?

சியாட்டிலிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தது! 41 வருடம் சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் என்று அங்கே ஆடிய அணி. 1979-இல் சாம்பியன். ஸ்டார்பக்ஸ் காபிக்கடைகளின் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தலைமையிலான முதலாளிகள் 2006-இல் அதை ஓக்லஹோமாக்காரர்களிடம் 35 கோடி டாலருக்கு விற்றார்கள். அரங்கக் குத்தகை இன்னும் இரண்டு வருடம் பாக்கி. 4.5 கோடி டாலரை நகரத்துக்குக் கட்டிவிட்டு 2008-இல் மூட்டை கட்டிவிட்டார்கள். அந்த அணியில் தன் முதல் வருடத்தை சியாட்டிலில் ஆடி முடித்திருந்த பத்தொன்பது வயதுப் பையன்தான் டியூரன்ட். முதலாளி ஊரையே விட்டுப் போனால் அது வியாபாரம், ஆட்டக்காரன் போனால் துரோகமா? எனக்கு இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் புரிந்ததில்லை.

இன்னும் கேளுங்கள். 2017 ஏப்ரலில் பாஸ்டனின் ஐசையா தாமஸ் தங்கையைக் கார் விபத்தில் பறிகொடுத்தார். மறுநாளே களத்துக்கு வந்தார். மே 2, அவளுடைய பிறந்தநாள், அன்று 53 புள்ளி குவித்தார். நான்கே மாதத்தில் பாஸ்டன் அவரைக் கிளீவ்லாந்துக்கு மாற்றிவிட்டது! டொராண்டோவை விட்டு அசையமாட்டேன் என்றிருந்த டிமார் டிரோசனை ஒன்பது சீசனுக்குப் பிறகு 2018-இல் சான் அன்டோனியோவுக்கு அனுப்பினார்கள். அதற்கெல்லாம் எந்த ஊரிலும் கப்கேக் விற்கவில்லை.

விரும்பிய இடத்துக்குப் போகிற இந்த உரிமையும் சும்மா வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் அணியின் சொத்து என்றிருந்த காலத்தில், 1970-இல் சங்கத் தலைவராக லீக் மீதே வழக்குப் போட்டவர் ஆஸ்கர் ராபர்ட்சன். ஆறு வருடம் இழுத்தது. முழுச் சுதந்திரத்தோடு முதல் ஆட்டக்காரர் அணி மாறியது 1988-இல்தான்: டாம் சேம்பர்ஸ், சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்கு. மறுபடி சியாட்டில்! ராபர்ட்சன் யார் தெரியுமா? புள்ளி, ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (சகா புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது) மூன்றிலும் ஒரு சீசன் முழுக்கச் சராசரி இரட்டை இலக்கம் வைத்த முதல் மனிதர். ஐம்பத்தைந்து வருடம் கழித்து அதைத் தொட்ட இரண்டாம் ஆள், டியூரன்ட் விட்டுப்போன கோபத்தில் ஆடிய வெஸ்ட்புரூக்! எம்விபி விருதும் அவருக்கே.

எதிரி முகாமுக்குப் போனதில் டியூரன்ட் முதல் ஆளும் இல்லை. ரே ஆலன் 2012-இல், பாஸ்டனை அப்போதுதான் வெளியேற்றியிருந்த மயாமிக்கு, பாஸ்டன் கொடுக்கவிருந்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் போனார். மறு வருடம் இறுதிப்போட்டி மயாமியின் கையைவிட்டு நழுவவிருந்த நேரத்தில், 5.2 நொடி பாக்கியிருக்க, மூலைக்குப் பின்வாங்கி அவர் எறிந்த மூன்று புள்ளி ஆட்டத்தைச் சமன் செய்தது. கோப்பையும் வந்தது. பழைய தோழன் கெவின் கார்னெட் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டித் தழுவிக்கொள்ள 2022 ஆயிற்று. பத்து வருடக் கோபம்! இந்த ரே ஆலன் பாஸ்டனுக்கு எங்கிருந்து வந்தவர் தெரியுமா? சியாட்டில். எந்த இரவு? அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் டியூரன்ட்டை சியாட்டில் எடுத்த அதே 2007 இரவு!

லெப்ரான் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். 2010-இல் தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சி வைத்து மயாமிக்குப் போவதாகச் சொன்னார், கிளீவ்லாந்தில் ஜெர்சியைக் கொளுத்தினார்கள். அணி முதலாளி டான் கில்பர்ட் எழுதிய ஆவேசக் கடிதம் மட்டும் தனி ரகம். லெப்ரானுக்கு முன்னால் நாங்கள் கோப்பை வெல்வோம் என்று அதில் சபதம். எழுத்துருவோ குழந்தைகள் விழா அழைப்பிதழில் போடுகிற காமிக் சான்ஸ்! அந்த சீசனில் கிளீவ்லாந்து தொடர்ச்சியாக 26 ஆட்டம் தோற்றது.

இதைவிட வேடிக்கை 2015-இல். டாலஸுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்ட டிஆண்ட்ரே ஜோர்டனின் மனசு ஊசலாட, அவருடைய அணியான கிளிப்பர்ஸின் சகாக்கள் ஹூஸ்டனில் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டார்கள். கையெழுத்தாகும்வரை கிளம்பவில்லை. பிளேக் கிரிஃபின் கதவுக்கு நாற்காலியை அண்டக்கொடுத்த படத்தை ட்விட்டரில் வேறு போட்டார்!

டியூரன்ட்டுக்கு என்ன கிடைத்தது? கோப்பை கிடைத்தது. 2017-இல் வாரியர்ஸ் பிளேஆஃபில் 16 வெற்றி, ஒரே தோல்வி. 2018-இல் இன்னொரு கோப்பை. இரண்டு முறையும் இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் அவரே. அவர் போனது தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 16-1 எல்லாம் ஒரு போட்டியா? படம் தொடங்கும் முன்னே வில்லன் செத்துவிட்ட கதை. பார்த்த எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

அவருக்கும் நிறைவில்லை போலிருக்கிறது. முதல் கோப்பை வென்ற மூன்றாம் மாதம், ட்விட்டரில் யாரோ ஒரு முகம் தெரியாத ரசிகர் ஏன் தண்டரை விட்டீர்கள் என்று சீண்ட, அவருக்கு அந்த அணியும் பயிற்சியாளரும் பிடிக்கவில்லை என்று மூன்றாம் மனிதர்போலப் பதில் வந்தது. எந்தக் கணக்கிலிருந்து? டியூரன்ட்டின் சொந்தக் கணக்கிலிருந்து! பிறகு மேடையில் மன்னிப்புக் கேட்டார். விரலில் சாம்பியன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு ராத்திரி போனில் ரசிகனோடு மல்லுக்கு நிற்கிற மனிதரைப் பார்த்தால் பாவமாக இருக்காதா?

2019 ஜூன் 10, டொராண்டோ. இறுதிப்போட்டியில் வாரியர்ஸ் 1-3 பின்தங்கியிருக்கிறது. கெண்டைக்கால் காயத்தோடு ஒரு மாதத்துக்கு மேல் வெளியே இருந்த டியூரன்ட் இறங்குகிறார். பன்னிரண்டு நிமிடத்தில் 11 புள்ளி. அடுத்து ஒரு எட்டு எடுத்து வைத்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்து வலது குதிகாலுக்கு மேலே கையை வைத்துத் தடவுகிறார். தசைநார் அறுந்துவிட்டது. டொராண்டோ கூட்டத்தில் ஒரு பகுதி கைதட்டியது. போதும், நிறுத்துங்கள் என்று கையசைத்து அடக்கியவர்களில் ஒருவர் எதிரணியின் செர்ஜ் இபாகா. யார் அவர்? ஓக்லஹோமாவில் டியூரன்ட்டோடு வளர்ந்தவர். டியூரன்ட் கிளம்புவதற்குப் பதினோரு நாள் முன்னால், 2016 ஜூன் 23 அன்று, தண்டரே ஒர்லாண்டோவுக்கு மாற்றிவிட்ட ஆள்!

அந்த இபாகாவைக் கொடுத்து வாங்கியவர்களில் இருவரைக் கொடுத்து, தண்டர் பால் ஜார்ஜை வாங்கியது. 2019-இல் பால் ஜார்ஜைக் கொடுத்து ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் ஒரு கத்தை டிராஃப்ட் உரிமைகளையும் வாங்கியது. 2025-இல் அந்த ஷே எம்விபி, தண்டர் சாம்பியன்! ஓக்லஹோமாவுக்கு முதல் கோப்பை. டியூரன்ட்டோ வாரியர்ஸை விட்ட பிறகு புரூக்ளின், ஃபீனிக்ஸ் என்று சுற்றி, அந்த வருடமே ஹூஸ்டனுக்கு மாறினார். மூன்றாவது கோப்பை அதுவரை வரவில்லை.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபர் 5. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்றுக்காக வாரியர்ஸ் சியாட்டிலுக்குப் போனது. பத்து வருடமாக என்பிஏ அணி இல்லாத ஊர். அறிமுகத்தின்போது டியூரன்ட் தன் வாரியர்ஸ் உடைக்கு மேலே பழைய சூப்பர்சோனிக்ஸ் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். எண் 40, சியாட்டிலின் கொண்டாட்ட நாயகன் ஷான் கெம்ப்பின் ஜெர்சி. அரங்கம் எழுந்து நின்று அலறியது. ஓக்லஹோமாவில் கேட்ட அதே அளவு சத்தம், ஆனால் இது வேறு சத்தம்.

அந்த ஷான் கெம்ப் யார் தெரியுமா? நிர்வாகத்தோடு மனக்கசப்பாகி, என்னை விட்டுவிடுங்கள் என்று அடம்பிடித்து, 1997-இல் சியாட்டிலை விட்டுப் போனவர்!