ஊரும் பாடநூலும்

தருமபுரி மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில் குடிநீரைப் பற்றிய பாடம் நடைபெறுகின்றது எனக் கொள்வோம். நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகுதல் வேண்டும் என்று நூல் கூறுகின்றது. அஃது உண்மையே, காய்ச்சினால் நோய்க் கிருமிகள் மடியும். ஆயினும், அப்பாடத்தைப் படிக்கும் மாணவர் சிலரின் பற்களில் பழுப்பு நிறக் கறைகள் தென்படுகின்றன. அவற்றிற்குக் காரணம் கிருமிகள் அல்ல; ஆழ்துளைக் கிணற்று நீரில் மிகுதியாகக் கரைந்துள்ள புளூரைடு என்னும் பொருளே ஆகும். காய்ச்சுவதால் அது நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு மிகுகின்றது. நூலில் உள்ளதை மட்டும் கூறிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்திற்குச் செல்வாராயின், அம்மாணவர் தேர்வில் முழு மதிப்பெண் பெறுவர். தம் வீட்டுக் குடத்து நீரைப் பற்றி ஒன்றும் அறியார்.

நூல் நின்றுவிடும் இவ்விடத்திலேதான் ஆசிரியரின் பணி தொடங்குகின்றது.

எதற்காகக் கற்பித்தல் வேண்டும், எவற்றைக் கற்பித்தல் வேண்டும், கற்றதை எவ்வாறு அளந்தறிதல் வேண்டும் என்பனவற்றையெல்லாம் வகுத்துரைப்பது கலைத்திட்டம். அதனை வகுப்புதோறும் பகுத்துத் தருவது பாடத்திட்டம். பாடநூல் அதற்குரிய கருவிகளுள் ஒன்று. நம் மாநிலத்தில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் நூல்களை உருவாக்க, தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அவற்றை அச்சிட்டு வழங்குகின்றது. குமரிக் கடற்கரைச் சிறுவனும் நீலகிரி மலைச் சிறுமியும் ஒரே நூலைப் படிக்கின்றனர். எல்லார்க்கும் ஒரே தரமான கல்வி கிடைத்தல் வேண்டுமாயின் இப்பொதுமை இன்றியமையாதது. ஆனால், எவ்வளவு சிறந்த நூலும் எல்லா ஊர்களையும் தன்னுள் அடக்கிவிட இயலாது.

கல்வி அறிஞர்கள் இதனை நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். 1952ஆம் ஆண்டில் இந்திய அரசு இடைநிலைக் கல்விக் குழு ஒன்றை அமைத்தது. அதற்குத் தலைமை பூண்டவர் அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். கலைத்திட்டம் நெகிழ்ச்சி உடையதாகவும் சமுதாய வாழ்வோடு ஒட்டியதாகவும் இருத்தல் வேண்டும் என்று அக்குழு 1953இல் அளித்த அறிக்கை வற்புறுத்தியது. அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், பள்ளி அறிவைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு இணைத்தல் வேண்டும் என்றே கூறிற்று. அறிக்கையில் எழுதுதல் எளிது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில், மணி அடிப்பதற்குள், அதனைச் செய்து காட்டுபவர் ஆசிரியரே அல்லரோ?

மீண்டும் அந்த நீர்ப் பாடத்திற்கு வருவோம். நல்லாசிரியர் பாடத்தைத் தள்ளிவிடுவதில்லை, அதனை விரிக்கின்றார். கிருமிகளைப் பற்றி நூல் சொல்வதை முதலில் தெளிவாகக் கற்பிக்கின்றார். பின்னர், “நும் வீட்டிற்கு நீர் எங்கிருந்து வருகின்றது?” என்று வினவுகின்றார். மாணவர் தத்தம் தெருவில் உள்ள கிணறு, ஆழ்துளைக் கிணறு, குழாய் ஆகியவற்றைக் குறித்து வருகின்றனர். எது எத்தனை அடி ஆழம், எதன் நீர் பருகுவதற்கு, எதன் நீர் கழுவுவதற்கு என்று ஒரு பட்டியல் உருவாகின்றது. புளூரைடு சில வகைப் பாறைகளிலிருந்து நீரில் கரைந்து வருகின்றது. அப்பாறைகளின் இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய ஆழ நீரில் அது மிகுந்திருப்பது இயல்பு. சிறிதளவு புளூரைடு பற்களுக்கு நன்மையே செய்யும். ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்படின் தீங்கு நேரும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வரம்பு. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிவரும் இளம்பருவத்தில் மிகுதியாக உட்கொண்டால் பற்களில் கறை படியும். அக்கறை பின்னர்த் துலக்கினாலும் போகாது. பல்லாண்டுகள் மிகுதியாகப் பருகினாலோ எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும்.

இக்கொடுமையைக் களைவதற்காகவே, காவிரி நீரைத் தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களுக்குக் கொணரும் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளூரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் சப்பான் நாட்டின் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. தெருக்குழாயில் வருவது காவிரி நீரா, ஆழ்துளை நீரா என்று கேட்டறிந்து, பருகுவதற்கு எது உரியது எனத் தாயிடம் எடுத்துரைக்கும் சிறுமி, பாடநூலில் அச்சாகாத ஒரு பாடத்தைக் கற்றவள் ஆவாள்.

தமிழ்ப் பாடத்திற்கும் வரலாற்றிற்கும் இது பொருந்தும். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானைப் பற்றித் தமிழகம் முழுவதும் மாணவர் படிக்கின்றனர். அவன் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி என்பதைச் சொல்லிக் கொடுத்தவுடன் அவ்வூர் மாணவரின் முகம் மலர்வதைக் காணலாம். போரிலும் ஆநிரை மீட்பதிலும் மடிந்த வீரர்க்கு நடுகல் நாட்டினர் என்று நூல் கூறுகின்றது. வேடியப்பன் என்று ஊரார் பொங்கலிட்டு வழிபடும் கற்களுள் பல அத்தகைய நடுகற்களே. வில்லேந்திய வீரன் உருவத்தையும், சிலவற்றில் பொறித்துள்ள வட்டெழுத்துகளையும் நேரிற் கண்ட மாணவனுக்கு அப்பாடத்தை மனப்பாடம் செய்யும் தேவை குறைகின்றது.

எனினும், ஊரைப் பாடத்தில் சேர்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் தொடக்கக் கல்விக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவரப்பட்டது. பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் பயின்று, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்றல் வேண்டும் என்பது அதன் கருத்து. கல்வியை வாழ்வோடு இணைப்பதே அதன் நோக்கம் என்றனர் அதனை வகுத்தோர். உழவன் மகன் உழவனாகவே நிற்க வழிசெய்யும் குலக்கல்வி இது என்று எதிர்ப்பு எழுந்தது. 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தோர் கூறியதே சரி என்பது என் கருத்து. சாமையும் கேழ்வரகும் விளையும் மானாவாரி நிலத்துப் பிள்ளைக்கு அப்பயிர்களைக் கொண்டு அறிவியலைத் தொடங்கலாம். ஆனால், அவன் கண்டிராத கடலையும், எட்டாத விண்மீனையும் பற்றிய பாடங்களை ‘இவ்வூருக்கு வேண்டாதவை’ என்று குறைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த மாவட்டம் தருமபுரியே. அங்கே பாடத்தைக் குறைத்தல் இரட்டைத் தீங்காகும்.

ஆசிரியர்க்கு இதில் இடர்ப்பாடும் உண்டு. பொதுத்தேர்வு நெருங்குங்கால் நடுகல்லைக் காணப் பொழுது ஏது? ஆகவே, முழு நாளை ஒதுக்க இயலாதவர் கால்மணி நேரத்தையேனும் ஒதுக்குகின்றார். வகுப்பில் இவ்வாறு செய்து பார்த்தவை வகுப்போடு நின்றுவிடுவதும் இல்லை. நூல்கள் புதுப்பிக்கப்படும்போது அவற்றை எழுதும் குழுக்களில் பள்ளி ஆசிரியர் பலர் இடம்பெறுகின்றனர். நும் பாடநூல்களின் இறுதிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். நூலை ஆக்கியோரின் பெயர்களும், அவர்கள் பணியாற்றும் பள்ளிகளும், மாவட்டங்களும் அங்கே அச்சிடப்பட்டிருக்கும். நும் மாவட்டத்தின் பெயர் அவற்றுள் உள்ளதா என்று தேடுங்கள்.