லெக்சஸ் ஆர்எக்ஸா, ரொயோட்டா ஹைலண்டரா? கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் எம்மவர் குடும்பமொன்று பெரிய வாகனம் வாங்க வெளிக்கிட்டால் பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று ரொயோட்டா ஹைலண்டர், மற்றது லெக்சஸ் ஆர்எக்ஸ். வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் காசு என்று பல பக்கமும் பிரியும் சம்பளத்தில், வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு வாகனம்தான். ஆகவே இந்த இரண்டுக்கும் இடையில் உண்மையில் என்ன வேறுபாடு, அந்த வேறுபாட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

லெக்சஸ் தனி நிறுவனம் அல்ல. ரொயோட்டா தன் ஆடம்பர வாகனங்களுக்காக 1989 இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய பெயர் அது. முதலாவது ஆர்எக்ஸ் 1998 இல் வட அமெரிக்காவுக்கு வந்தது. அதே வாகனம் ஜப்பானில் ரொயோட்டா ஹரியர் என்ற பெயரில் விற்கப்பட்டது. லெக்சஸ் என்ற பெயர் ஜப்பானியச் சந்தைக்கு வந்ததே 2005 இல்தான். ஆர்எக்ஸ் கனடியர்களுக்கு இன்னொரு வகையிலும் நெருக்கமானது. 2003 இல் ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜ் தொழிற்சாலையில் அதன் உற்பத்தி தொடங்கியது. ஜப்பானுக்கு வெளியே கட்டப்பட்ட முதல் லெக்சஸ் அதுதான். ஹைலண்டர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கட்டப்பட்டு இங்கே வருகிறது.

2024 ஆம் ஆண்டு மாதிரிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ரொயோட்டாவின் ஒரே அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் இரண்டிலும் 2,850 மில்லிமீற்றர். ஹைபிரிட் வகைகள் இரண்டிலும் 2.5 லீற்றர், நான்கு சிலிண்டர் இயந்திரம். மொத்த வலு ஹைலண்டரில் 243 குதிரைவலு, ஆர்எக்ஸ் 350எச்சில் 246. எரிபொருள் செலவும் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டுக்கும் சாதாரண பெற்றோல் போதும்.

ஹைபிரிட் இல்லாத வகைகளில் கதை கொஞ்சம் மாறுகிறது. இரண்டிலும் 2.4 லீற்றர் ரேர்போ இயந்திரம் உண்டு. ஹைலண்டரில் அது சாதாரண பெற்றோலில் 265 குதிரைவலு தருகிறது. ஆர்எக்ஸ் 350 இல் 275 தருகிறது, ஆனால் உயர்தரப் பெற்றோல் ஊற்ற வேண்டும். வருடத்துக்கு 20,000 கிலோமீற்றர் ஓடுபவர் ஒருவரின் வாகனம் நூறு கிலோமீற்றருக்கு 10 லீற்றர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,000 லீற்றர். லீற்றருக்கு 25 சதம் கூடக் கொடுத்தால் வருடத்துக்கு 500 டொலர். பத்துக் குதிரைவலுவுக்கு அந்தப் பணம் தேவையா என்பதை ஓட்டுபவர்தான் சொல்ல வேண்டும்.

கூடக் கொடுத்தால் என்ன கிடைக்கிறது

அடித்தளமும் இயந்திரமும் ஒன்று என்பதால் இரண்டும் ஒரே வாகனம் என்று சொல்லிவிட முடியாது. லெக்சஸில் முதலில் தெரிவது அமைதி. கண்ணாடியிலும் கதவுகளிலும் ஒலியைத் தடுக்கும் வேலை கூடுதலாகச் செய்திருப்பார்கள். 401 நெடுஞ்சாலையில் தினமும் ஒன்றரை மணிநேரம் இருப்பவருக்கு அது சின்ன விடயம் அல்ல. இருக்கைகளும் உள் வேலைப்பாடும் தரத்தில் மேல். பாதுகாப்புத் தொழில்நுட்பத்திலும் ஆர்எக்ஸில் இருப்பது ஒரு தலைமுறை புதியது. ஆனாலும் தானாகப் பிரேக் பிடிப்பது, பாதசாரிகளைக் கண்டறிவது, வழித்தடம் விலகினால் எச்சரிப்பது, முன்னால் போகும் வாகனத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஆகிய நான்கும் ஹைலண்டரிலும் வழமையாகவே வருகின்றன.

உத்தரவாதத்திலும் வித்தியாசம் உண்டு. கனடாவில் ரொயோட்டாவின் அடிப்படை உத்தரவாதம் 3 வருடம் அல்லது 60,000 கிலோமீற்றர். லெக்சஸுக்கு 4 வருடம் அல்லது 80,000 கிலோமீற்றர். இயந்திரம், கியர்ப்பெட்டி போன்றவற்றுக்கு ரொயோட்டா 5 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றரும், லெக்சஸ் 6 வருடம் அல்லது 110,000 கிலோமீற்றரும் தருகின்றன. அதாவது ஒரு வருடம் கூட.

மின்கம்பியில் இணைத்து ஏற்றக்கூடிய ஆர்எக்ஸும், வேகத்தை விரும்புபவர்களுக்கான ஆர்எக்ஸ் 500எச்சும் வேறு வகை. அவற்றுக்கு நிகரான ஹைலண்டர் 2024 வரிசையில் இல்லை. அவற்றை விரும்புபவருக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது.

கூடக் கொடுத்தும் கிடைக்காதது

எம்மவர் குடும்பங்களுக்கு முக்கியமான இடம் இதுதான். ஆர்எக்ஸில் ஐந்து பேர்தான் இருக்கலாம். ஹைலண்டரில் ஏழு அல்லது எட்டு இருக்கைகள். அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள், கூட இருக்கும் அம்மம்மா என்றால் ஆர்எக்ஸில் ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோவிலுக்குப் போகக்கூட இரண்டு வாகனம் எடுக்க வேண்டும். ஹைலண்டரின் மூன்றாவது வரிசை பிள்ளைகளுக்குத்தான் வசதி, பெரியவர்கள் நீண்டதூரம் இருக்க அது இறுக்கம். அடிக்கடி ஏழு பேர் போகிறவர்கள் கிராண்ட் ஹைலண்டரையும் பார்க்க வேண்டும். பாவித்த வாகனம் தேடுபவர்கள் 2018 முதல் 2022 வரையான ஆர்எக்ஸ் எல் வகையில் மூன்றாவது வரிசையைக் காண்பார்கள். அதில் கால் வைக்கும் இடம் எவ்வளவு என்று பின்னால் ஏறி இருந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

சாமான் வைக்கும் இடமும் அப்படியே. நிறுவனம் தரும் கணக்கின்படி, இரண்டாவது வரிசைக்குப் பின்னால் ஹைலண்டரில் 48.4 கன அடி, ஆர்எக்ஸில் 29.6 கன அடி. கொழும்புக்குப் பறக்க ஆளுக்கு இரண்டு பெட்டியோடு பியர்சன் விமான நிலையம் போகும் நாளில் இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

மாதக் கணக்கும் மொத்தக் கணக்கும்

விற்பனையாளர் உங்களிடம் மொத்த விலையைப் பேசுவதைவிட மாதக் கட்டணத்தையே அதிகம் பேசுவார். வித்தியாசம் சிறிதாகத் தெரிவதற்கு அது வழி. ஒரு கணக்குப் போடுவோம். இரண்டுக்கும் இடையில் 15,000 டொலர் வித்தியாசம் என்று வையுங்கள். 13 வீத எச்.எஸ்.ரி வரியோடு அது 16,950. ஏழு வருடக் கடன், 7 வீத வட்டி என்றால் மாதத்துக்குச் சுமார் 256 டொலர். ஏழு வருடத்தில் கட்டி முடிப்பது ஏறக்குறைய 21,500 டொலர். இதில் 4,500 டொலருக்கு மேல் வெறும் வட்டி. மாதம் 256 டொலர் என்று கேட்கும்போது தாங்கலாம் போல இருக்கும். அதே பணத்தைப் பிள்ளையின் கல்விச் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தால் அரசின் பங்கும் அதோடு சேர்ந்திருக்கும்.

விற்கும்போது லெக்சஸ் நல்ல விலைக்குப் போகும் என்பார்கள். உண்மைதான், ரொயோட்டாவும் அப்படித்தான். ஆனால் இரண்டும் ஒரே வீதத்தில் மதிப்பிழந்தால், விலை கூடிய வாகனத்தில் இழக்கும் டொலரும் கூடவே இருக்கும். குளிர்காலச் சக்கரங்களையும் கணக்கில் சேருங்கள். ஆர்எக்ஸுக்கு 19 அல்லது 21 அங்குலம், ஹைலண்டருக்கு 18 அல்லது 20. அங்குலம் கூடக்கூட ரயர் விலையும் கூடும்.

திருட்டும் காப்புறுதியும்

வாகனத் திருட்டை ஆராயும் எக்கிற்றே அமைப்பு வெளியிட்ட 2023 ஆம் ஆண்டுப் பட்டியலில், கனடாவில் அதிகம் திருடப்பட்ட வாகனம் ஹைலண்டர். ஆர்எக்ஸும் அதே பட்டியலின் முன்வரிசையில் இருந்தது. ஆகவே இந்த விடயத்தில் எதை வாங்கினாலும் தப்ப முடியாது. சில காப்புறுதி நிறுவனங்கள் இத்தகைய வாகனங்களுக்குக் கூடுதல் கட்டணம் கேட்கின்றன, அல்லது வாகனம் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவியைப் பொருத்தச் சொல்கின்றன. திறப்பின் சமிக்ஞையைக் கதவுக்கு வெளியே நின்று பிடித்து வாகனத்தைத் திறப்பது திருடர்களின் ஒரு முறை. திறப்பை வாசலில் மாட்டாமல், சமிக்ஞையை மறைக்கும் பையில் போட்டு உள்ளே வைப்பது செலவில்லாத தற்காப்பு.

ஒன்ராறியோவில் காப்புறுதி விலை உங்கள் ஓட்டுநர் பதிவோடு, நீங்கள் வசிக்கும் இடத்தையும் வாகன மாதிரியையும் பொறுத்தது. பிரம்டனில் இருப்பவருக்கும் கிங்ஸ்ரனில் இருப்பவருக்கும் ஒரே வாகனத்துக்கு ஒரே விலை வராது.

கையெழுத்துக்கு முன்

ஒன்ராறியோவில் பதிவுபெற்ற விற்பனையாளர் விளம்பரப்படுத்தும் விலையில் கட்டணங்கள் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். எச்.எஸ்.ரி வரியும் உரிமத் தகடு தொடர்பான கட்டணமும் மட்டுமே வெளியே நிற்கலாம். பிறகு புதிதாக நிர்வாகக் கட்டணம் என்று ஒன்று முளைத்தால் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். விற்பனை நிலையத்தில் கையெழுத்து வைத்த பின், மனம் மாறிவிட்டது என்று ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் அவகாசம் இல்லை.

தினமும் நீண்டதூரம் தனியாகவோ இருவராகவோ ஓடுபவர், வீட்டில் ஐவருக்கு மேல் இல்லாதவர், பெரும்பங்கைக் கையில் இருந்து கட்டக்கூடியவர் ஆகியோருக்கு ஆர்எக்ஸ் ஹைபிரிட் கொடுத்த காசுக்கு நியாயமான வாகனம். மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் வீட்டுக்கும், ஏழு வருடக் கடனில்தான் வாங்க முடியும் என்ற வீட்டுக்கும் ஹைலண்டர் ஹைபிரிட் கூடுதலாகப் பயன்படும். கொண்டாட்டத்துக்குப் போய் இறங்கும்போது நாலுபேர் பார்க்க வேண்டும் என்பதும் சிலருக்கு ஒரு காரணம்தான். அதற்குக் கொடுக்கும் விலை என்னவென்று தெரிந்து கொடுத்தால் சரி.

ஒரே நாளில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய், அம்மம்மா எதில் சிரமமில்லாமல் ஏறி இறங்குகிறார் என்றும் பாருங்கள். இரண்டுக்கும் காப்புறுதி விலையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதக் கட்டணத்தை அல்ல, கட்டி முடிக்கும் மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.